தினமும் மூச்சு வாங்கிய மன்னர்... உடம்பைக் குறைத்தது எப்படி? பசேனதியின் கதை

ஈ.சி.ஆர். வழியாக திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாண வரம் கேட்டுப் போகிறவர்கள் ஏராளம். தேதி குறித்ததும் பலருக்கு அடுத்த வேலை உடம்பைக் குறைப்பதுதான். முகூர்த்தம் வரை வாயைக் கட்டுவாங்க. விருந்து முடிந்து சில மாதங்களில் பழைய எடை திரும்பி வந்துடும். காரணம், சாப்பாடு குறைந்தது, மனசு மாறலை. மனசை மாற்றிக் காட்டிய ஒரு மன்னரின் கதை இது.

யார் இந்த பசேனதி?

புத்தர் காலத்தில் கோசல நாட்டை ஆண்ட அரசர். தலைநகர் சிராவஸ்தி, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. புத்தருக்கும் இவருக்கும் ஒரே வயது.

என்ன பிரச்னை?

சாப்பாடுதான். ஒரு துரோணம் அரிசிச் சோறு சாப்பிடுவார். பழைய கணக்கில் அது 16 நாழி! ஒருநாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி புத்தரைப் பார்க்கப் போனார். புத்தர் திட்டவில்லை. அளவோடு சாப்பிடுவது பற்றி ஒரு சின்னப் பாடல் மட்டும் சொன்னார்.

மன்னர் செய்தது என்ன?

பக்கத்தில் நின்ற சுதர்சனன் என்ற இளைஞனை அந்தப் பாடலை மனப்பாடம் செய்யச் சொன்னார். தான் சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்ல வேண்டும். தினமும் 100 காசு சம்பளம். அதாவது, தன் கையைத் தடுக்கும் உரிமையை மன்னரே ஒரு சின்னப் பையனுக்குக் கொடுத்தார்.

காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த 5-ம் நூற்றாண்டு உரையாசிரியர் புத்தகோசரின் உரை இன்னொரு தகவலும் தருகிறது. கடைசிக் கவளத்தை எடுக்கும்போது பாடல் ஒலிக்கும். மன்னர் அதை வைத்துவிடுவார். அந்தக் கவளத்தில் இருந்த அளவு அரிசி, அடுத்த சமையலில் குறைக்கப்படும்.

பலன் கிடைத்ததா?

படிப்படியாக ஒரு நாழிச் சோற்றுக்கு வந்தார். உடம்பு மெலிந்தது. தன் கைகால்களைத் தானே தடவிப் பார்த்து சந்தோஷப்பட்டாராம். 80 வயதிலும் புத்தரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். பிறகு மகன் விடூடபன் ஆட்சியைப் பறிக்க, உதவி தேடிப் போன இடத்தில், ராஜகிருக நகர வாசலுக்கு வெளியே இறந்தார் என்கிறது பௌத்த மரபு.

நமக்கு என்ன பாடம்?

அரண்மனையில் சோற்றுக்குப் பஞ்சம் வரவில்லை. மன்னர் கெடு வைத்துப் பட்டினியும் கிடக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் ஒரு நினைவூட்டல், ஒரே ஒரு கவளம் குறைவு. அவ்வளவுதான். வீட்டில் யாராவது போதும் என்று சொன்னால் கோபப்படாமல் கையை எடுக்க முடிகிறதா? அங்கேதான் மாற்றம் ஆரம்பிக்கிறது.