ராமானுஜனின் மேலதிகாரி... சென்னைத் துறைமுகத்தின் வாசலையே மாற்றிய பொறியாளர்! யார் இந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்?

மாதவரத்தில் இருந்து மாத்தூர், மணலி வழியாகப் போகிறவர்களுக்கு கண்டெய்னர் லாரி வரிசை புதுசு இல்லை. அந்தப் பெட்டிகளில் பல போய்ச் சேரும் இடம் சென்னைத் துறைமுகம். சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடி, இதே துறைமுகத்தின் வாசல் மணலால் தூர்ந்துகொண்டு இருந்தது. அதைக் காப்பாற்றியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணிதமேதை ராமானுஜனின் கதையில் மட்டும் தலைகாட்டும் இவரைப் பற்றி கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ரயில்வே பொறியாளர்

1849-ல் அயர்லாந்தில் பிறந்தவர் ஸ்பிரிங். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துவிட்டு, 1870-ல் பொதுப்பணித்துறைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தார். அடுத்த முப்பது வருஷத்துக்கும் மேல் ரயில்வேதான் அவருடைய உலகம். இன்றைய ஆந்திரா, ஒடிசா வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரை ரயில் பாதை வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அப்போது ரயில் பாலம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி. வண்டல் மண்ணில் ஓடும் ஆறுகள் அடிக்கடி போக்கை மாற்றிக்கொள்ளும். கோடிக்கணக்கில் செலவு செய்து பாலம் கட்டினால், ஆறு பக்கத்தில் வேறு வழி பார்த்துக்கொள்ளும். பாலத்தின் இரண்டு முனைகளிலும் ஆற்றோட்டத்தை ஒட்டிக் கரை எழுப்பி, தண்ணீரைப் பாலத்துக்கு அடியிலேயே போக வைப்பதுதான் தீர்வு. ஜே.ஆர்.பெல் என்ற பொறியாளர் தொடங்கிய இந்த முறையை ஆராய்ந்து, 1903-ல் ஸ்பிரிங் ஒரு புத்தகமே எழுதினார். நீங்க சிவில் இன்ஜினீயரிங் படித்தவர் என்றால், பாலம் பற்றிய பாடத்தில் இவர் பெயரைப் பார்த்திருக்கலாம்.

துறைமுகம் அப்போது எப்படி இருந்தது?

மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நடுக்கடலிலேயே நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, அலையில் தூக்கிப் போடப்பட்டுத்தான் கரைக்கு வரணும்.

1870-களில் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி, கடலுக்குள் நீளும் இரண்டு கல் சுவர்கள் கட்டும் வேலை ஆரம்பித்தது. வாசல் கிழக்கே, நேராகக் கடலைப் பார்த்து. 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். ஆனாலும் ரெண்டு பிரச்னை தீரவில்லை. ஒன்று, கிழக்கு வாசல் வழியாக அலை நேராக உள்ளே வந்தது. இன்னொன்று, மணல். நம்ம கடற்கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த மணல் வாசலை அடைக்கத் தொடங்கியது.

55 வயதில் புது வேலை

1904-ல் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்புக்கு வந்தார். அப்போது அவருக்கு 55 வயசு, பலர் ஊருக்குத் திரும்பிவிடும் வயசு. அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. கிழக்கு வாசலை அடைத்துவிட்டு, வடகிழக்கு மூலையில் புது வாசல் திறக்க வேண்டும். அந்த வாசலுக்கு அலை வராமல் தடுக்க, வெளிச்சுவரை வடக்கே நீட்ட வேண்டும். அப்படியே செய்தும் முடித்தார். துறைமுகத்துக்குள் தண்ணீர் அடங்கியது. கப்பல்கள் கரையை ஒட்டி நின்று சரக்கு இறக்கும் மேடைகள், கிடங்குகள், ரயில் இணைப்பு எல்லாம் அவர் காலத்தில் வளர்ந்தன. 1919 வரை துறைமுகத்தின் தலைவராக இருந்தார்.

30 ரூபாய் கிளார்க்

1912 மார்ச் 1-ம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் துறைமுக அலுவலகத்தில் ஒரு கிளார்க் சேர்ந்தார். அவர்தான் ராமானுஜன். அவருடைய கணக்குகளின் மதிப்பு தலைமைக் கணக்காளர் நாராயண ஐயருக்குத் தெரிந்திருந்தது. அவர் மூலம் ஸ்பிரிங்கும் அக்கறை எடுத்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, ராமானுஜனின் நோட்டுகளை அவரிடம் காட்டினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

வடக்கே என்ன ஆனது?

ஸ்பிரிங்கைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லணும். துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததும், தெற்கே மெரினா வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்குப் போக வேண்டிய மணல் போகவில்லை. கடல் அங்கே கரையை அரித்தது. வீடுகளும் தெருக்களும் போயின. இன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நீங்க பார்க்கிற கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும் அதனால் வந்தவைதான்.

இது ஸ்பிரிங் காலத்துக்கு முன்பே, முதல் சுவர் எழும்பியபோதே தொடங்கியது. அவர் நீட்டிய சுவரும் அதில் சேர்ந்துகொண்டது. அவர் இதைக் கவனிக்காமலும் இல்லை. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய மணல் நகர்வு பற்றித் தனியாக ஆய்வுக் கட்டுரையே எழுதினார். ஆனால் அந்தக் கணக்கு துறைமுகத்தைக் காப்பாற்றப் பயன்பட்ட அளவுக்கு, வடசென்னைக் குப்பங்களைக் காப்பாற்றப் பயன்படவில்லை.

ஸ்பிரிங் 1933-ல் மறைந்தார். துறைமுகத்தில் ‘ஸ்பிரிங் ஹேவன்’ என்ற பெயர் இன்னும் அவரை நினைவூட்டுகிறது. அவர் மாற்றி அமைத்த துறைமுகத்தை நம்பித்தான் ராயபுரத்தில் இருந்து மணலி, மாத்தூர் வரை லாரியும், யார்டும், பல ஆயிரம் பேரின் வேலையும் ஓடுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், மீனவர்கள் எழுப்பும் கேள்விகளில் ஒன்று அவர் ஆராய்ந்த அதே கேள்விதான்: இந்த மணல் எங்கே போகும்?