எட்வார்டு செகின்

மனநூல் பயிலும் மாணவருள் செகின் பலகையை அறியாதார் சிலரே. வட்டம், சதுரம், விண்மீன், சிலுவை முதலிய பத்து வடிவங்களாக அறுத்த மரத்துண்டுகளை அவ்வவற்றிற்குரிய குழிகளிலே பொருத்துமாறு அமைந்தது அது. ஒரு சிறுவன் அதனை எத்தனை நொடியில் முடிக்கின்றான் என்று கடிகாரம் பார்த்து, அவனது அறிவின் அளவை மதிப்பிடுதல் வழக்கமாயிற்று. ஆனால் அப்பலகைக்குத் தம் பெயரை ஈந்த பெரியார் அத்தகைய பலகைகளை அளவுகோலாகக் கொண்டாரல்லர். கற்பிக்கும் கருவியாகவே கொண்டார். இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்கே அவர் வரலாறு நன்கு விளங்குமாதலின், இதனை முற்படக் கூறினோம்.

செகின் 1812-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20-ஆம் நாள் பிரான்சு நாட்டில் கிளாமசி என்னும் சிற்றூரில் மருத்துவர் குடும்பமொன்றிற் பிறந்தார். ஓசேரிலும் பாரிசிலும் கல்வி கற்றபின், இட்டார்டு என்னும் முதுபெரும் மருத்துவரிடம் மாணவராக அமர்ந்தார். ஆவேரோன் காடுகளில் தனித்துத் திரிந்து பிடிபட்டு, 1800-இல் பாரிசு நகர்க்குக் கொண்டுவரப்பட்ட விக்டர் என்னும் சிறுவனை மனிதனாக்க ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்தவர் அவ்விட்டார்டே. விக்டர் பல கற்றான். எனினும் பேச்சு அவனுக்குக் கைகூடவில்லை. அம்முயற்சியைத் தோல்வியென்றே உலகம் முடிவு கட்டிற்று. அத்தோல்வியினின்றும் ஒரு கலையைப் படைத்தவர் செகின்.

1837-ஆம் ஆண்டில், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவன் ஒருவனைப் பயிற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. இட்டார்டு அப்போது நோயுற்று மெலிந்திருந்தார். மறு ஆண்டே காலமானார். அவருடைய அறிவுரையையும், எஸ்கிரோல் என்னும் மனநோய் மருத்துவரின் துணையையும் பெற்றுச் செகின் பதினெட்டுத் திங்கள் உழைத்தார். புலன்களைப் பயன்கொள்ளவும், பேசவும், எழுதவும், எண்ணவும் அச்சிறுவன் கற்றுக்கொண்டான். இத்தகைய குழந்தைகளைக் கற்பித்தல் வீண் என்பதே பெருமருத்துவர்களின் கொள்கையாயிருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கட்கென இருந்தவை பள்ளிகள் அல்ல. பித்தரோடு ஒருங்கே அடைத்துவைக்கும் விடுதிகளே.

அவரது முறையின் உயிர்நிலை யாதெனில், மனத்திலிருந்து தொடங்காது உடலிலிருந்து தொடங்குதலாம். நிற்கத் தள்ளாடுவான், கையை ஓயாது ஆட்டுவான், கொடுத்த பொருளைப் பற்றமாட்டான். இத்தகைய பிள்ளைக்கு எழுத்துப் பலகையை நீட்டி யாது பயன்? முதலில் அவன் அசையாது நிற்கக் கற்கவேண்டும். பின்னர் வேண்டியபோது வேண்டியவாறு அசையக் கற்கவேண்டும். கால் வலுவற்ற குழந்தையை ஊஞ்சலில் இருத்தி ஆட்டுவார். ஒவ்வொரு வீச்சிலும் அதன் உள்ளங்கால்கள் எதிரே நாட்டிய பலகையில் மோதி மீளும். உதைக்க அறியாத கால் அவ்வாறு உதைக்கப் பழகிற்று. பற்றுதல் அறியாத கைக்குச் சாய்த்து நிறுத்திய ஏணி ஒன்றை வைத்திருந்தார். குழந்தையின் விரல்களை ஏணிப்படியின்மேல் வைத்து, அவற்றின்மேல் தம் கைகளை வைத்து அழுத்திக்கொள்வார். விட்டால் விழுவோம் என்னும் உணர்ச்சியே விரல்களை மடக்கச் செய்யும். ஏணியைத் தரையிலே கிடத்தி, படிகளுக்கிடையே அடிவைத்து நடக்கச் செய்வதும் உண்டு. நீண்ட கோலொன்றை ஆசிரியரும் மாணவனும் எதிரெதிரே நின்று மாறி மாறி எறிந்து பிடிப்பர். கண்ணும் கையும் ஒன்றுபட்டாலன்றி அது கைக்கு எட்டாது. இவற்றின் பின்னரே வடிவங்களைப் பொருத்துதல், கோடு வரைதல், எழுதுதல், படித்தல். எழுத்தை வெறுங்கோடுகளின் சேர்க்கையாகக் கண்டு, கை அதனை வரைந்த பின்னர் வாய் படிக்குமாறு செய்தார். நாம் நம் நாட்டு அரிச்சுவடியை மணலில் விரலால் எழுதிக் கற்றதை எண்ணினால், இது நமக்கு அத்துணை வியப்பாகத் தோன்றாது.

1842-ஆம் ஆண்டு பாரிசிலுள்ள பிசேத்தர் மருத்துவமனையில் இருந்த குழந்தைகட்கு ஆசிரியராக அவரை அமர்த்தினர். மருத்துவப் பட்டம் பெறாத ஆசிரியர் ஒருவர் மருத்துவர்களின் ஆட்சியிலே புகுந்து, அவர்கள் தீராதென்றதைத் தீர்க்க முற்பட்டால் விளைவு யாதாகும்? செகினும் பணிவு மிக்கவரல்லர். சினம் மிக்கவர், தம் முறையின் மேன்மையைச் சற்று மிகுத்தே பேசுபவர். பூசல் முற்றி, 1843-இலேயே அவர் அங்கிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் பாரிசு விஞ்ஞானக் கழகம் அமர்த்திய குழுவினர் அவர் மாணவரைக் கண்டு அவர் முறையைப் பாராட்டினர். 1846-இல் அவர் தம் பெருநூலைப் பிரஞ்சு மொழியில் வெளியிட்டார்.

1848-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் லூயி நெப்போலியனின் கை ஓங்கவே, சமதர்மக் கொள்கையரான செகின் தாய்நாட்டை விடுத்து அமெரிக்கா சென்றார். பாஸ்டனில் ஹவ், நியூயார்க்கு மாகாணத்தில் வில்பர் முதலியோர் நிறுவிய பள்ளிகள் அவரிடம் துணை பெற்றன. பிசேத்தரில் தமக்கு இல்லாதிருந்த மருத்துவப் பட்டத்தை 1861-இல் நியூயார்க்கு நகரிற் பெற்றார். அப்போது வயது நாற்பத்தொன்பது. 1866-இல் ஆங்கிலத்தில் இரண்டாம் பெருநூல் வந்தது. உடல்வெப்பமானியைத் தாய்மார் கையிற் கொடுக்கவேண்டுமென்று அவர் எழுதிய நூலும் உண்டு. அது வேறு கதை. 1876-இல், இத்தகைய விடுதிகளின் மருத்துவர்கள் கூடி அமைத்த சங்கத்திற்கு முதல் தலைவரானார்.

அவர் கொள்கை முழுவதும் பிற்கால ஆராய்ச்சியில் நிலைத்ததெனக் கூறுவார் இலர். தசைகளைப் பயிற்றுவதனாலேயே அறிவு தழைக்கும் என்னும் அவர் நம்பிக்கை அளவு கடந்தது. இக்காலத்தார், எழுதமாட்டாத கைக்கு எழுதுவதிலேயும், பந்து பிடிக்கமாட்டாத கைக்குப் பந்திலேயும் பயிற்சி தருதலே மிகுபயன் விளைப்பதெனக் காண்கின்றனர். எனினும் கற்றலில் தனித்துணை வேண்டும் பிள்ளைகளுட் பலர்க்கு ஓட்டமும், தாவலும், பொத்தானிடுதலும் அரியவாம் என்பதையும், அதனைச் சோம்பலென்று ஒறுத்தல் தகாது, படிப்படியாகக் கற்பித்தல் வேண்டும் என்பதையும் அவர்க்கு முன் அத்துணைத் தெளிவாகக் கண்டு செய்து காட்டினவர் யாரென்று நமக்குத் தெரியவில்லை.

செகின் 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய பள்ளியை அவருடைய மனைவியார் எல்சி தொடர்ந்து நடத்தினார்.

அவர் நூல்களோ ஏறக்குறைய மறக்கப்பட்டன. உரோமை நகரில் மரியா மாண்டிசோரி என்னும் இளம் மருத்துவர் அவற்றைத் தேடினார். பிரஞ்சு நூலை முழுவதும் தம் கையாலேயே இத்தாலிய மொழியிற் பெயர்த்தெழுதினார். ஆங்கில நூல் நெடுநாள் கிடைக்காது, நியூயார்க்கு மருத்துவர் ஒருவர் கழித்த பழம் புத்தகங்களிடையே இருந்து இறுதியில் அவர் கைக்கு வந்தது. 1907-இல் அவர் உரோமையின் ஏழைச் சேரியிலே திறந்த குழந்தையர் இல்லத்தில், செகினின் கருவிகள் புது வடிவிற் புகுந்தன. 1939-இல் அவ்வம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் முறையைத் தழுவும் பள்ளிகளிலே, பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எண்களைச் சிறுவர் தம் கையால் நகர்த்தி அமைக்கும் பலகைகள் இன்றும் செகின் பெயரையே தாங்குகின்றன. அங்கே கடிகாரம் பார்ப்பார் இல்லை.