தோல் விஞ்ஞானி டாக்டர் நாயுடம்மா

சர்தார் பட்டேல் சாலையில் ஒரு பக்கம் நம் ஏ.சி. டெக். எதிர்ப்பக்கம் சி.எல்.ஆர்.ஐ. என்று நாம் சொல்லும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கெமிக்கல், டெக்ஸ்டைல் நண்பர்களுக்கு அது ஒரு பஸ் ஸ்டாப். லெதர் டெக்னாலஜி படித்த எங்களுக்கோ அதுதான் இன்னொரு வகுப்பறை. கணக்கும் தெர்மோடைனமிக்ஸும் மாஸ் டிரான்ஸ்ஃபரும் இந்தப் பக்கம். தோல் அந்தப் பக்கம். சாலையைக் கடந்து கடந்தே டிகிரி வாங்கியவர்கள் நாங்கள்.

மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை மலருக்கு எழுதித் தரச் சொல்லி சங்கத்தார் கேட்டார்கள். வள்ளல் அழகப்பரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்து வருகிறேன்: டாக்டர் யெலவர்த்தி நாயுடம்மா. நம் கல்லூரியில் படித்தவர் இல்லைதான். ஆனாலும் லெதர் பிரிவுக்காரர்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி. (பெயரின் கடைசியைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு அம்மையார் என்று நினைக்கும் முதலாண்டு மாணவர்கள் எல்லா பாட்ச்சிலும் உண்டு. தெலுங்கு நாட்டில் ஆண்களுக்கும் இப்படிப் பெயர் வைப்பது வழக்கம்.)

அன்றைய குண்டூர் மாவட்டம், தெனாலிக்குப் பக்கத்தில் யெலவர்று என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1922 செப்டம்பர் 10-ஆம் தேதி பிறந்தார். கிருஷ்ணா டெல்டா, நெல் விளையும் பூமி. நிலபுலன் உள்ள வீட்டுப் பையன் படித்தால் வக்கீல், டாக்டர், இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. இவரோ காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொழில் வேதியியல் படித்தார். அதாவது இன்றைக்கு நம் பிள்ளைகள் கெமிக்கல் இன்ஜினீயரிங் என்று படிக்கிறார்களே, அதன் அன்றைய வடிவம். அத்தோடு நின்றிருந்தால் ஏதாவது ஒரு சர்க்கரை ஆலையிலோ சோப்பு ஃபாக்டரியிலோ கெமிஸ்டாக இருந்திருப்பார். அவர் நேரே சென்னை வந்து தோல் தொழில்நுட்பப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொல்லித்தான் ஆகணும். செத்த மாட்டின் தோலைத் தொடுகிறவனை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த நாடு இது. அந்த வேலை சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்தது. வியாபாரம் வேறு சிலர் கையில். படித்தவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் காலத்திலேயே, லெதர் பிராஞ்ச் என்றதும் உறவுக்காரர்கள் முகம் சுளித்து, கெமிக்கல் கிடைக்கலையா என்று கேட்பார்கள். அப்படியென்றால் 1940-களில், ஒரு நெல் விவசாயி வீட்டில், என்ன கேட்டிருப்பார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பிறகு அமெரிக்கா, பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகம். அங்கே எம்.எஸ்., பிஎச்.டி. இரண்டும் தோல் வேதியியலில். திரும்பி வந்து சேர்ந்த இடம், 1948-இல் தொடங்கப்பட்டிருந்த சி.எல்.ஆர்.ஐ. அதன் முதல் இயக்குநர் பி.எம். தாஸ். 1958-இல் நாயுடம்மா இயக்குநர் ஆனார். வயது முப்பத்தாறுகூட நிறையவில்லை. 1971 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

அவர் படித்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற ஒரு புரோட்டீன். பச்சைத் தோலை வெந்நீரில் போட்டால் 60, 65 டிகிரிக்குள் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டால் 75, 80 டிகிரி வரை தாங்கும். குரோமியம் உப்பில் பதனிட்டாலோ கொதிநீரிலும் சுருங்காது. ஏன் என்றால், குரோமியம் போய்க் கொலாஜன் சங்கிலிகளின் பக்கவாட்டில் இருக்கும் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்து, ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. நம் பாட்டன்மார் பட்டைச் சாற்றில் கைப்பழக்கத்தால் செய்ததை மூலக்கூறு மட்டத்தில் விளங்கிக்கொள்வதுதான் நாயுடம்மாவின் ஆராய்ச்சி. பயோமாலிக்யூலர் என்ற சொல்லைப் பாடத்திட்டத்தில் புதிதாகப் பார்த்து வியக்கிறவர்கள், தோல்ஷாப் தொட்டிக்குள் அது எப்போதோ நடந்துகொண்டிருந்ததைக் கவனிக்கணும்.

இங்கே இன்னொருவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. நாயுடம்மா பிறந்து சரியாக நாலு வாரம் கழித்து, 1922 அக்டோபர் 8-ஆம் தேதி பிறந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியராகக் கிண்டி வளாகத்துக்கு வந்தார். பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் சென்னை வந்தபோது கொலாஜனின் அமைப்பு இன்னும் புரியவில்லை என்று சொல்ல, இவர் அதைப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரே படம் எடுக்கத் தேவையான கொலாஜன் சி.எல்.ஆர்.ஐ.யிலிருந்து வந்தது. கங்காருவின் வாலில் இருக்கும் தசைநாண்கூட அதற்கு உதவியது என்றால் நம்புவீர்களா! கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-55-இல் அவர் வெளியிட்டதுதான் மூன்று இழை முறுக்கிய டிரிபிள் ஹீலிக்ஸ். உலகமே பேசிய கண்டுபிடிப்பு, நாம் டீ குடித்த இதே சாலையோரத்தில் நடந்தது. அந்தப் பெயரில் சி.எல்.ஆர்.ஐ.யில் ஒரு அரங்கமே இருக்கிறது. ஒரே வருஷத்தில் பிறந்த இருவர், ஒரே புரோட்டீன். ஒருவர் அதன் வடிவத்தைப் பார்த்தார். மற்றவர் அதை வைத்து எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்று பார்த்தார். எது உசத்தி என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

நாயுடம்மாவின் கவலை அன்னியச் செலாவணியும்தான், அதற்கு மேலும்தான். அப்போதெல்லாம் நம் நாட்டிலிருந்து பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் கப்பலேறிப் போகும். லண்டன் மார்க்கெட்டில் மெட்ராஸ் சரக்குக்கு நல்ல பெயர். ஆனால் முழுசாகப் பக்குவப்படுத்தி ஷூவாகவும் பையாகவும் தைத்து லாபம் பார்த்தவன் வெளிநாட்டுக்காரன். முடித்த தோலாக, செருப்பாக இங்கேயே செய்து அனுப்பணும் என்று வற்புறுத்தியவர்களில் நாயுடம்மா முக்கியமானவர். 1973-இல் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிகள் பெருகின கதை இதற்குப் பின்னால் வருவது.

ஆராய்ச்சி நிலையத்துக்கும் டேனரி முதலாளிகளுக்கும் இடையே இருந்த சுவரை உடைத்ததுதான் அவர் செய்த பெரிய வேலை என்பது என் அபிப்பிராயம். பேப்பர் எழுதிப் பரணில் போடுகிற விஞ்ஞானம் அவருக்கு ஆகாது. விஞ்ஞானிகளும் தோல் தொழிற்காரர்களும் வருஷாவருஷம் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசும் லெரிக் கூட்டம் அவர் போட்ட விதை. கான்பூர், ஜலந்தர், கல்கத்தா என்று கிளைகள் திறக்கப்பட்டன.

1971-இல் பத்மஸ்ரீ விருது. அதே ஆண்டு சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநராக டில்லிக்குப் போனார். 1977 வரை அந்தப் பதவி. அப்போது அவர் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கரீம்நகர் என்ற பின்தங்கிய மாவட்டத்தை (இன்று தெலங்கானாவில் இருக்கிறது) எடுத்துக்கொண்டு, நாட்டின் பெரிய பெரிய ஆய்வகங்களின் விஞ்ஞானிகளை அந்தக் கிராமங்களுக்கு அனுப்பினார். அங்குள்ளவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஆராய்ச்சி பண்ணச் சொன்னார். பிறகு 1981-82-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர். அங்கே அதிக நாள் இருக்கவில்லை.

1985 ஜூன் 23. கனடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே நடுவானில் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 329 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் நாயுடம்மா. அறுபத்து மூன்று வயது முடிய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

அவர் கதையை இத்தோடு முடித்துவிட்டால் பாதி சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் குரோம்பேட்டைக்காரன். எங்கள் ஊருக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் குடியிருந்தவர்களுக்குத் தோல் என்றால் முதலில் வாசனை, அப்புறம்தான் டாலர். இரண்டாம் ஆண்டில் மாஸ் பேலன்ஸ் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே போனது எல்லாம் எங்காவது வெளியே வந்தாக வேண்டும். வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் அறுபது, எழுபது சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்சம் தண்ணீரோடு போகும். தோல் கெடாமல் இருக்கத் தடவிய உப்பும் போகும், முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பும் சல்பைடும் போகும். பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கு அதுதான் நேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த ஐந்தில் எங்கள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று.

நாயுடம்மா காலத்துக் கணக்கில் தண்ணீருக்குத் தனிப் பத்தி இல்லை என்பதை அவரை மதிக்கிறவர்களே ஒப்புக்கொள்ளணும். வேலையும் ஏற்றுமதியும் முதலில் என்ற அவசரம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் அவர் போட்ட அதே பாதையில்தான் பரிகாரமும் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். முடி நீக்கச் சல்பைடுக்குப் பதில் என்சைம், தண்ணீரே சேர்க்காத குரோம் பதனிடும் முறை எல்லாம் அதே சி.எல்.ஆர்.ஐ.யில் உருவானவை. அவை ஆலைக்குள் நுழைந்ததும், ஆராய்ச்சியாளரும் முதலாளியும் பேசிப் பழகியிருந்ததால்தான்.

இன்று நம் கல்லூரியில் கெமிக்கலோடு இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜியும் இருக்கிறது. கட்-ஆஃப் குறைந்ததால் லெதர் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்சைமை வளர்க்கத் தெரிந்தவன் ஒரு டிபார்ட்மென்ட், அதைத் தோலில் ஏற்றத் தெரிந்தவன் இன்னொரு டிபார்ட்மென்ட், கழிவுநீரின் உப்பைப் பிரிக்கத் தெரிந்தவன் மூன்றாவது. கான்டீனில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். பாலாற்று உப்பு இன்னும் முழுசாகத் தீராத பிராப்ளம். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் சாலையைக் கடந்து போய் விசாரிக்கலாம்.