பிராங்க்ளின் இழந்த மைந்தன்

1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் எழுபது வயதில் கையொப்பமிட்ட பெஞ்சமின் பிராங்க்ளினை நமது நேயர்கள் நன்கறிவார்கள். மின்னலை ஆராய்ந்த மேதை என்றும், ராஜதந்திரி என்றும் உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் தந்தையாக அனுபவித்த துயரத்தைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

1706-ல் பாஸ்டனில் பிறந்த அவர், தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகிவந்த காலத்தில், 1721-ல், அந்நகரில் வைசூரி பரவிற்று. நோயாளியின் கொப்புளத்துச் சீழைச் சுகதேகியின் தோலில் கீறி ஏற்றி, இலேசாக நோயை வருவித்து உயிரைக் காக்கும் முறையைப் பாய்ல்ஸ்டன் என்ற வைத்தியர் துணிந்து கையாண்டார். ஜென்னரின் பசு அம்மைப்பால் 1796-ல்தான் வந்தது. தமையனாரின் பத்திரிகையோ அம்முறையைக் கண்டித்தது. முடிவில் கணக்கிட்டபோது, தானாக நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 7 பேருக்கு ஒருவர் மாண்டிருந்தார். குத்திக்கொண்டவர்களில் சுமார் 40 பேருக்கு ஒருவரே. தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் இன்று போடப்படும் ஊசிகளில் அத்தகைய ஆபத்து எதுவும் கிடையாது என்பதை நேயர்கள் நினைவில் கொள்வார்களாக.

பின்னர் பிலடெல்பியாவில் சொந்தப் பத்திரிகை நடத்திய பிராங்க்ளின், அம்மை குத்துதலை ஆதரித்தே எழுதினார். ஆயினும் தம் மகன் பிரான்சிஸுக்குக் குத்துவிக்கவில்லை. வயிற்றுப்போக்கால் மெலிந்திருந்த பிள்ளை சற்றுத் தேறட்டும் என்று தள்ளிப்போட்டார். வைசூரி காத்திருக்கவில்லை. 1736 நவம்பரில், நான்கே வயதில், குழந்தை மாண்டது.

அம்மை குத்தியதால்தான் பிள்ளை இறந்தான் என்று வதந்தி கிளம்பிற்று. அதை நம்பிப் பிற பெற்றோர் பின்வாங்குவரே என்று அஞ்சிய அவர், மறுமாதமே தம் பத்திரிகையில் உண்மையை வெளியிட்டார். குத்தாமல் விட்டதே உண்மை என்று ஊரறிய ஒப்புக்கொண்டார். பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம், இச்செயலை அவருடைய இடிதாங்கிக்குக் குறைந்ததாக எண்ணவில்லை.

1759-ல் லண்டனிலிருந்தபோது, வைத்தியருக்குப் பணங்கொடுக்க இயலாத ஏழைப் பெற்றோர் தாமே குத்திக்கொள்ள வழிகூறும் பிரசுரமொன்றை வைத்தியர் ஹெபர்டனை எழுதச் செய்து, தாமே முன்னுரை வரைந்து, அமெரிக்காவில் இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார்.

1772-ல், மகன் இறந்து 36 ஆண்டுகள் சென்றபின்னும், அவனை நினைத்தால் பெருமூச்சு எழுவதாகத் தங்கைக்கு எழுதினார். முதுமையில் சுயசரிதை எழுதுகையிலும் அவனை மறக்கவில்லை. குத்தியதால் குழந்தை இறந்தால் மனம் ஆறாதே என்று தயங்கும் பெற்றோருக்காக அதில் ஒரு வார்த்தை எழுதிவைத்தார். குத்தாமல் விட்டு இறந்தாலும் அந்த வருத்தம் குறைவதில்லை. ஆகவே அபாயம் குறைந்த வழியையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.