கண்ணுக்குத் தெரியாத கோடு



நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இரவு கரண்ட் போனால் வானம் முழுக்க விண்மீன்கள் தெரியும், பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தொலைவில் உள்ள விண்மீனின் சூட்டை எப்படி அளப்பது? அதற்கு வழி சொன்னவர் ஒரு சிறிய கடைக்காரரின் மகன். அவர் பெயர் மேகநாத் சாகா.

டாக்கா அருகே சியோராதலி என்ற சிற்றூரில் 1893 அக்டோபர் 6-ல் பிறந்தார். தொடக்கப் பள்ளி முடிந்ததும் அவரைக் கடையில் உட்கார வைக்க அப்பா நினைத்தார். அண்ணன்தான் மேலே படிக்க வழி தேடினார். வேற்றூர் மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். அங்கே பாத்திரம் கழுவி, பசுவைக் கவனித்துக்கொண்டே படித்தார் சாகா. உதவித்தொகை பெற்று டாக்கா பள்ளிக்குப் போனார். 1905-ல் ஆங்கிலேய ஆளுநரின் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்ததால் பள்ளி அவரை நீக்கியது. உதவித்தொகையும் போயிற்று. வேறு பள்ளியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தார்.

விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால் நிறங்களுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். நம் கைரேகை போல, ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு. அந்தக் கோடுகளைக் கொண்டு விண்மீனின் வெப்பத்தை அறிய உதவும் சமன்பாட்டை 1920-ல் சாகா தந்தார். உலகமே வியந்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஹைட்ரஜனின் முக்கியமான கோடுகள் நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியில் இருக்கின்றன. 1906-ல் லைமன் என்ற அமெரிக்கர் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த கோடுகள் அவை. வானிலிருந்து வரும் அந்த ஒளியைக் காற்று மண்டலம் விழுங்கிவிடும். தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் பயனில்லை.

அப்படியானால் காற்றுக்கு மேலே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று 1937-ல் சாகா எழுதினார். அப்போது செயற்கைக்கோள் ஒன்றுகூடக் கிடையாது! 1952-ல் அமெரிக்க ராக்கெட் ஒன்று உயரே சென்று, சூரியனில் ஹைட்ரஜனின் முதல் லைமன் கோட்டைப் படம் பிடித்தது. அப்போது சாகா உயிரோடு இருந்தார். 1956 பிப்ரவரி 16-ல் டெல்லியில் காலமானார்.

2015-ல் நம் நாடு அனுப்பிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் புறஊதாத் தொலைநோக்கி இருந்தது. 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலத்தின் புறஊதா ஒளியை அது பிடித்ததாக 2020-ல் அறிவித்தார்கள்.

பள்ளியை விட்டு வெளியே அனுப்பப்பட்ட சிறுவன், காற்றையும் தாண்டிப் பார்க்க வழி சொன்னான். இன்றிரவு வானத்தைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்வீர்கள்தானே?