இரு களம் கண்ட கோபாலன்

கிரிக்கெட், ஹாக்கி என்னும் இரு விளையாட்டிலும் இந்தியாவுக்காக ஆடிய பெருமைக்குரியவர் எம். ஜே. கோபாலன். அவர் 6-6-1909 அன்று செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மொரப்பாக்கத்தில் பிறந்தார். பிறந்த ஊரையே பெயரின் முதலெழுத்தாக இறுதிவரை தாங்கினார்.

வேகப்பந்து வீச்சால் சென்னையில் புகழ்பெற்ற அவர், 1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் பந்தயம் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில், மைசூர் அணிக்கு எதிராக, ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதற்பந்தை வீசியவரும் அவரே. 1935இல் தயான் சந்துடன் இந்திய ஹாக்கி அணியில் நியூசிலாந்து சென்று திரும்பினார்.

1936இல் இரு அழைப்புகள் ஒருங்கே வந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக். மற்றொன்று இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டையே தேர்ந்தார். குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆடித் திங்களின் இறுதியில், ஆகஸ்ட் 15 அன்று, இந்திய ஹாக்கி அணி செருமனியை 8-1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. இங்கிலாந்திலோ, மூன்று டெஸ்ட் பந்தயங்களுள் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் கிட்டவில்லை. அதன் பின்னும் டெஸ்ட் வாய்ப்பு வரவேயில்லை.

எனினும் அவர் ஆட்டத்தைத் துறந்தாரல்லர். சென்னை அணிக்காக நெடுங்காலம் பந்து வீசினார். 1950களில் சென்னையும் இலங்கையும் மோதிய பந்தயத்துக்கு அவர் பெயரால் கோபாலன் கோப்பை அமைந்தது. 21-12-2003 அன்று, தம் 94ஆம் அகவையில், அவர் மறைந்தார். பதக்கம் அவர் கைக்கு எட்டவில்லை. பெயரோ கோப்பையில் நின்றது.