அடைக்கலம் தேடிய பேராசிரியர்



நமது கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் பயின்ற ஸர் சி. வி. ராமனை அறியாதார் இல்லை. அவர் ஓர் அகதிக்கு நம் தேசத்தில் இடம் தேடித்தர முயன்ற வரலாற்றை அறிந்தவர் சிலரே. அந்த அகதி, பௌதிக விஞ்ஞானி மாக்ஸ் பார்ன்.

பார்ன் 1882-ம் ஆண்டு, அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1914-ல் லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1921 முதல் கட்டிங்கன் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்து, உலகப் புகழ் பெற்ற மாணாக்கர்களை உருவாக்கினார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதரை அரசாங்க உத்தியோகத்திலிருந்து நீக்கும் சட்டம் பிறந்தது. பாட்டன் பாட்டிகளில் ஒருவர் யூதராயிருந்தாலே போதும். ஞானஸ்நானமும் கணக்கில் வரவில்லை. பார்ன் வேலையிழந்தார். மனைவி ஹெட்விக்குடனும் மூன்று மக்களுடனும் தாய்நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்தில் தற்காலிக வேலையில் காலம் கழித்தார்.

அப்போது ராமன், பெங்களூரில் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று மக்கள் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவர். அவர் அழைக்க, 1935-ல் பார்ன் மனைவியுடன் அங்கு வந்தார். அவருக்கு நிரந்தரப் பதவி அளிக்க வேண்டுமென்று ராமன் வாதாடினார். ஆனால் பார்ன் முன்னிலையிலேயே ஓர் ஆங்கிலப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டினரே துரத்திவிட்ட இரண்டாந்தர அந்நியர் நமக்கெதற்கு என்ற கருத்துப்படப் பேசினார். அன்று வீடு திரும்பிய பார்ன் மனைவியிடம் கண்ணீர் விட்டு அழுதார். பதவி கிட்டவில்லை.

1936-ல் எடின்பரோ சர்வகலாசாலை அவரை ஏற்றது. அங்கிருந்தபடி மற்ற அகதி விஞ்ஞானிகளுக்கு வேலை தேடிக்கொடுக்கப் பாடுபட்டார். அவருடைய சகோதரியின் மகன் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கரும் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டவரே. அந்தக் கட்டடக் கலைஞர் 1939-ல் மைசூர் சமஸ்தானத்தில் வேலை பெற்றார். சுதந்திரத்துக்குப் பின், பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களுக்கு வீடமைக்கும் பணியில் இந்திய சர்க்காருக்கு உதவினார். அகதிக்கு இடம் கொடுத்த தேசத்தின் அகதிகளுக்கு அந்த அகதியே வீடமைத்தார்!

1954-ல் பார்ன் நோபெல் பரிசு பெற்றார். 1970-ல் கட்டிங்கனில் காலமானார். ஆனால் ராமனைப் போல் பரிந்துபேச ஒருவரும் இல்லாத எத்தனையோ குடும்பங்கள் ஐரோப்பாவை விட்டு வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொண்டன. நாஜிகள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம்.

துரத்தியவனை விட்டுவிட்டு, துரத்தப்பட்டவனிடம் குற்றம் காண்பது மனித இயல்பாகிவிட்டது. ஊரை விட்டு, உறவை விட்டு நம் தெருவுக்கு ஒரு குடும்பம் குடிவந்தால், எதற்காக அங்கிருந்து வந்தார்கள் என்று துருவுவதற்கு முன், சாப்பிட்டார்களா என்று கேட்போமாக.